எது எதற்காகக் காத்திருக்கிறது?

என் மேஜை இழுப்பறையில் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. மளிகைக் கடையில் பற்று வரவு எழுத வாங்குவார்களே, அந்த மாதிரி நீள நோட்டு. ஒவ்வொரு வரியிலும் தேதி, புரோகிராமின் பெயர், எந்தக் கம்பைலர், அதற்குக் கொடுத்த கொடிகள் (ஃப்ளாக்) என்னென்ன, எத்தனை நோடு, எத்தனை கோர், எத்தனை நொடி என்று எழுதியிருக்கும். கடைசிக் கட்டத்தில் ஓரிரு சொல்: ‘ஏன்?’, ‘நம்பாதே’, ‘மறுபடி ஓட்டு’. இருபது வருடமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு இதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

சூப்பர் கம்ப்யூட்டர் வேலை என்றதும் ஊரில் ராக்கெட் விடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. பெரிய இயந்திரம் ஒன்று எந்த இடத்தில் சும்மா நிற்கிறது என்று தேடிப் பிடிப்பதும், அந்த இடத்தைச் சரிசெய்வதும்தான் வேலை. இதைப் படிக்க வேண்டும், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வருடா வருடம் நாலைந்து பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாலசமுத்திரம். சித்தூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, அப்பாவுக்குப் பெயர் நைனா. நைனா வெல்லம் காய்ச்சினார். கரும்பு வெட்ட நாலு பேர், கட்டுச் சுமக்க இரண்டு பேர், ஆலையில் கரும்பு கொடுக்க ஒருவர், அடுப்புக்குக் காய்ந்த சக்கை தள்ள ஒருவர், கொப்பரையைத் துழாவி அழுக்கெடுக்க ஒருவர். பதம் பார்ப்பது மட்டும் நைனா. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக் கூடாது.

சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்: “நைனா, வெட்டுறதுக்கு இன்னும் பத்து ஆள் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே?” அவர் சிரித்தார். “பத்து ஆள் போட்டா கரும்பு மலையா குவியும். கொப்பரை ஒண்ணுதானேடா? குவிஞ்ச கரும்பு வெயில்ல கிடந்தா இனிப்பு இறங்கிடும். கூலியும் போச்சு, வெல்லமும் போச்சு.”

பல வருடம் கழித்து வகுப்பில் அம்டால் விதியைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஒரு கணக்கில் நூற்றுக்கு 5 பங்கு பிரித்துக் கொடுக்க முடியாத வேலை என்றால், எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. 64 கோர் போட்டால் கிடைப்பது ஏறக்குறைய 15 மடங்கு. அந்த 5 பங்குதான் நைனாவின் கொப்பரை. ஜீன் அம்டால் இதைச் சொன்னது 1967இல். எங்கள் ஆலையில் அதற்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது, சூத்திரம்தான் இல்லை.

முதலில் விண்ணப்பத்தைப் பற்றி. நம் நாட்டில் இதற்கு இரண்டு மூன்று வாசல் உண்டு. ஒன்று, கேட் தேர்வு எழுதி எம்.டெக். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இதற்கென்றே கணக்கீட்டு, தரவு அறிவியல் துறை இருக்கிறது. அங்கே சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தை வளர்த்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். அவர் எழுதிய ஃபோர்ட்ரான் பாடநூலைத் தொடாமல் ஒரு தலைமுறையே இந்தத் தொழிலுக்குள் வந்ததில்லை. இரண்டாவது வாசல், அரசு நிறுவனமான சி-டாக் நடத்தும் முதுநிலை டிப்ளமோக்கள். அதற்கு சி-கேட் என்று தனித் தேர்வு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், விண்ணப்பத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். புரோகிராம் எழுதுவதை விட இயந்திரத்தைப் பராமரிப்பதில் கை ஓடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வாசல் பொருந்தும். மூன்றாவது, வெளிநாடு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கென்றே ஓராண்டு எம்.எஸ்சி. வெகுகாலமாக நடக்கிறது. நல்ல படிப்பு, பெரிய செலவு. கடன் வாங்கிப் போகிறவர்கள் வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

எந்த வாசலானாலும் மதிப்பெண் கதவு வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு நோக்கக் கடிதம், நேர்முகம். என் முதல் கடிதத்தை ‘சிறுவயது முதலே கணினி மீது தீராத ஆர்வம்’ என்று ஆரம்பித்திருந்தேன். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த அண்ணன் ஒருவர் படித்துவிட்டு, “இதை நீ எழுதலைன்னாலும் யாராவது எழுதியிருப்பான். நீ செஞ்சது என்ன?” என்றார். நான் செய்திருந்தது ஒன்றே ஒன்று. ஆய்வகத்தில் ஓரமாகப் போட்டிருந்த இரண்டு பழைய கணினிகளை ஒரு சுவிட்சில் இணைத்து, லினக்ஸ் ஏற்றி, கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ள உதவும் எம்பிஐ-யில் ஒரு சின்ன புரோகிராம் ஓட்டியிருந்தேன். இரண்டு கணினியில் ஓட்டினால் ஒரு கணினியை விட மெதுவாக ஓடியது. அவமானமாக இருந்ததால் கடிதத்தில் அதைச் சேர்க்கவில்லை. “அதைத்தாண்டா எழுதணும்” என்றார். எழுதினேன். நேர்முகத்தில் அரைமணி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். மெதுவானது ஏன்? கணக்குப் போட எத்தனை நொடி, செய்தி அனுப்ப எத்தனை நொடி? அளந்தீர்களா? அளக்கவில்லை என்றேன். அளந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் யோசித்துப் பதில் சொன்னேன். இடம் கிடைத்தது.

அதனால் சொல்கிறேன், பெரிய இயந்திரம் கைக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 1994இல் நாசாவில் 16 சாதாரண கணினிகளைக் கோத்துத்தான் பியோவுல்ஃப் என்ற கொத்தை (கிளஸ்டர்) உண்டாக்கினார்கள். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தார் 2004இல் கப்ரு என்ற கொத்தைக் கட்டியதும் கடையில் கிடைக்கும் ஸியான் கணினிகளைச் சேர்த்துத்தான். உங்கள் லேப்டாப்பிலேயே நாலு கோர் இருக்கிறது. அந்த நாலும் சும்மா இல்லாமல் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதில் ஆரம்பியுங்கள்.

இனி படிப்பு. எங்கள் சார் கும்பகோணத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார், கீபோர்டைத் தொடவே மாட்டார். “தொட்டால் நான் கத்துக்குவேன், நீ கத்துக்க மாட்டே” என்பார். சட்டைப் பையில் எப்போதும் சீவின பென்சில் ஒன்று. எந்தச் சிக்கலோடு போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எது எதுக்காகக் காத்துண்டிருக்கு?”

முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். ஒரு கொத்தில் எல்லோரும் நுழையும் லாகின் நோடு ஒன்று உண்டு. அங்கே எழுதலாம், திருத்தலாம், வேலையை வரிசையில் போடலாம். கணக்கை மட்டும் ஓட்டக் கூடாது. அதற்கு வரிசையை நிர்வகிக்கும் ஷெட்யூலர் இருக்கிறது, இப்போது பல இடங்களில் அது ஸ்லர்ம். எனக்கோ வரிசையில் நிற்கப் பொறுமையில்லை. லாகின் நோடிலேயே எட்டு பிராசஸ் ஓட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் மொத்தத் துறையின் திரைகளும் உறைந்து நின்றன. நிர்வாகி என் வேலையைக் கொன்றுவிட்டு, என் பெயரைப் போட்டு எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். அன்று மதியம் சாப்பாட்டு அறைக்குப் போகவில்லை. வரிசை மற்றவர்களுக்கானது என்று நினைக்கிறவன் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டான்.

அடுத்தது லூப். இரண்டு அணிகளைப் பெருக்க ஃபோர்ட்ரானில் எழுதினேன். விடை சரி, வேகம் ஆமை. சார் பார்த்தார், ஒரே ஒரு அம்பு வரைந்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்ட்ரான் அணியை நெடுக்கு வரிசையாக நினைவகத்தில் அடுக்குகிறது. நான் குறுக்காக நடந்துகொண்டிருந்தேன். பிராசசர் நினைவகத்திலிருந்து ஒரு எண்ணைத் தனியாக எடுத்து வராது. 64 பைட்டாக, எட்டு எண்ணைச் சேர்த்துக் கட்டாகத்தான் தூக்கி வரும். கட்டில் ஒரு கரும்பை மட்டும் ஆலைக்குக் கொடுத்துவிட்டு மீதி ஏழு கரும்பையும் வீசிவிட்டு, மறுபடி வயலுக்கு ஆளனுப்பினால் எப்படி இருக்கும்? அதைத்தான் என் புரோகிராம் செய்துகொண்டிருந்தது. உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாற்றினேன். அதே விடை, அதே இயந்திரம், பல மடங்கு வேகம். கணக்குப் போடத் தெரிந்த ஆலை ஒவ்வொரு முறையும் கரும்புக்காக நின்றிருக்கிறது, அவ்வளவுதான். சியில் எழுதுகிறவர்களுக்கு இது தலைகீழ், அங்கே குறுக்காக நடக்க வேண்டும்.

மூன்றாவது தவறு இன்னும் நினைவில் குத்துகிறது. எம்பிஐ-யில் ஒவ்வொரு பிராசஸும் பக்கத்துப் பிராசஸுக்கு ஓரத்து எண்களை அனுப்ப வேண்டும், பிறகு வாங்க வேண்டும். சின்ன அளவில் சோதித்தேன், ஓடியது. பெரிய அளவில் போட்டேன், அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி இல்லை, ஒன்றும் இல்லை. இயந்திரத்தில்தான் கோளாறு என்று நிர்வாகியிடம் போய்ச் சொன்னேன். சார் பென்சிலை எடுத்து நாலு வட்டம் வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு ஓர் அம்பு போட்டார். எல்லா அம்பும் சேர்ந்து ஒரு வளையம் ஆனது. எல்லோரும் அனுப்பிக்கொண்டு நிற்கிறார்கள், வாங்க ஒருவரும் இல்லை. சின்னச் செய்தி என்றால் எம்பிஐ நடுவில் ஒரு திண்ணையில் வாங்கி வைத்துக்கொள்ளும், அனுப்பினவன் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். பெரிய செய்திக்குத் திண்ணையில் இடமில்லை, வாங்குகிறவன் கையை நீட்டினால்தான் கொடுக்க முடியும். சின்னச் சோதனையில் என் பிழையைத் திண்ணை மறைத்திருந்தது. அன்றிலிருந்து, சின்னதில் ஓடியது என்று யார் சொன்னாலும் நோட்டில் ‘நம்பாதே’ என்று எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 16 பிராசஸில் ஒரு விடை, 64 பிராசஸில் கடைசி இலக்கங்கள் வேறு. இரண்டு வாரம் பிழையைத் தேடினேன். பிழையே இல்லை. தசம எண்களைக் கணினி கூட்டும்போது ஒவ்வொரு கூட்டலிலும் கடைசி இலக்கத்தைச் சற்று வெட்டுகிறது, கூட்டும் வரிசை மாறினால் வெட்டுப்படும் இடமும் மாறும். இதில் எந்த அளவு மாற்றம் இயல்பு, எந்த அளவு ஆபத்து என்று தெரிவதுதான் பதம். எந்தப் புத்தகமும் அதை விரலில் ஏற்றித் தராது. ஓட்டி ஓட்டித்தான் வரும்.

இரண்டாம் வருடம் ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு வரைபடம் போட்டேன். என் புரோகிராம் 32 கோரில் 30 மடங்கு வேகம்! சார் அதை நிறைய நேரம் பார்த்தார். “ஒரு கோர்ல ஓட்டினப்போ எந்தக் கொடி?” நினைவில்லை என்றேன். நோட்டில் பார்க்கச் சொன்னார். ஒரு கோரில் மட்டும் கம்பைலரின் மேம்பாட்டுக் கொடி போடாமல் ஓட்டியிருக்கிறேன். அந்தக் கொடியோடு ஒரு கோரில் ஓட்டினால் அதுவே நாலு மடங்கு வேகம். அப்போது 32 கோரின் பெருமை எட்டுக்குள் சுருங்கிவிட்டது. “நொண்டிக் குதிரையோட பந்தயம் விட்டு ஜெயிச்சிருக்கே” என்றார், அவ்வளவுதான். வரைபடத்தை மாற்றினேன், கட்டுரையில் பாதியை மறுபடி எழுதினேன். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் நோட்டு வேண்டும்.

சாரின் கையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருமுறை ஒரே புரோகிராம், அதே 64 நோடு, திடீரென்று மந்தமாகிவிட்டது. புரோகிராமில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நான் திரையில் இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் சார் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இயந்திர அறைக்குள் போனார். ரேக்குகளுக்குப் பின்புறம், சூடான காற்று வரும் பக்கம், ஒவ்வொரு நோடுக்கும் நேரே உள்ளங்கையை நீட்டிக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். “இங்கே காத்து வரலே.” விசிறி ஒன்று நின்றுபோயிருந்தது. அந்த நோடின் பிராசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. ஒவ்வொரு அடியிலும் எல்லா நோடும் ஒன்றுக்கொன்று காத்திருந்து சேர்ந்து போகிற புரோகிராம் அது. 63 நோடு வேகமாக முடித்துவிட்டு, அந்த ஒன்றுக்காக நின்றிருக்கின்றன. ஊர்த் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிறவர்களில் ஒருவர் தடுக்கினால் மொத்தத் தேரும் நிற்கும் அல்லவா? அன்றைக்குப் பிறகு நானும் மாதம் ஒருமுறை ரேக்கின் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நடக்கிறேன். இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சென்சார் இருக்கிறதே என்கிறார்கள். சென்சாரையும் பார்க்கிறேன்.

இயந்திரங்கள் வரும் போகும். 1991இல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தபோது பத்திரிகைகள் கொண்டாடின. 2015இல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கம் தொடங்கிய பிறகு பல ஊர்களுக்கு இயந்திரம் வந்துவிட்டது. திருச்சி என்ஐடியில் 2022இல் வந்ததற்கு ‘பரம் பொருள்’ என்று பெயர். அதே வருடம் பெங்களூருக்கு வந்த பரம் பிரவேகா 3.3 பெட்டாஃப்ளாப். உலக சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்பார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைந்துவிட்டது. எவ்வளவு பெரிய ஆலையானாலும் கரும்பு வந்து சேர வேண்டும்.

நான் கடைசியில் வந்து சேர்ந்த வேலை வானிலை மாதிரிகளை ஓட்டுவது. அதற்கும் ஊர்தான் காரணம். பள்ளியில் படிக்கும்போது சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் காதங்கிக்கு ஒருமுறை கூட்டிப் போனார்கள். பாகாலாவுக்கும் சந்திரகிரிக்கும் நடுவில் இருக்கிற இடம். அங்கே எம்எஸ்டி ரேடார் இருக்கிறது. குறுக்கே 32, நெடுக்கே 32, ஆக 1024 ஆன்டெனாக்கள் வயல் நட்டது போல நிற்கும். ஒவ்வொன்றும் தனியாக ஒன்றும் பெரிதில்லை. எல்லாம் ஒரே தாளத்தில், அடுத்தடுத்ததற்கு இம்மி நேர வித்தியாசம் வைத்து அலை விட்டால், ஆன்டெனா அசையாமலேயே கதிர் வானத்தில் திசை திரும்பும். அன்று எனக்கு அது புரியவில்லை. கம்பிக் காடு என்று நைனாவிடம் வந்து சொன்னேன். “மழை வருமான்னு சொல்லுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. வெல்லம் காய்ச்சும் அடுப்புக்கு விறகு, காய்ந்த சக்கைதான். திறந்த வெளியில் பரப்பிக் காய வைப்போம். ராத்திரி மழை நனைத்துவிட்டால் மறுநாள் அடுப்பு புகையும், எரியாது. வெட்டிப் போட்ட கரும்பு காத்திருக்கும், இனிப்பு இறங்கும்.

வானிலை மாதிரியில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். 9 கிலோமீட்டர் கட்டத்தை 3 கிலோமீட்டராக நறுக்கினால், அகலத்தில் மூன்று மடங்கு, நீளத்தில் மூன்று மடங்கு, நேரத்தையும் மூன்றாக நறுக்க வேண்டும். ஆக 27 மடங்கு வேலை. ஆனால் கணிப்பு மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடிய அந்த நாட்களில், முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையின் பதிவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மழை நின்ற பிறகு வரும் துல்லியமான கணிப்பு, புளித்துப்போன கரும்புச்சாறு. வேகம் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நைனா இப்போது கொப்பரைப் பக்கம் போவதில்லை, திண்ணையோடு சரி. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி லேப்டாப்போடு வந்தாள். கேட் எழுதியிருக்கிறாள், நோக்கக் கடிதத்தில் தன் புரோஜெக்டைச் சேர்த்திருக்கிறாள். வரைபடத்தைப் பெருமையாகக் காட்டினாள். நாலு கோரில் ஒன்பது மடங்கு வேகம்.

“ஒரு கோர்ல ஓட்டினப்போ என்ன கொடி போட்டம்மா?”

யோசித்தாள். “ஞாபகம் இல்லைண்ணா.”

“எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?”

தலையை ஆட்டினாள். நான் வேறொன்றும் சொல்லவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினாள். கீழே கம்பைலரின் பெயர், அதற்குக் கீழே கொடி. ஒரு கோரில் மறுபடி ஓட்டினாள். ஓடி முடியும் வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. நைனாவும் திண்ணையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பதம் பார்க்கும் நேரம் அவருக்குத் தெரியும்.